பழைய தேக்கா, வெனீரா, மைக்காவா: 540 சதுர அடி வீட்டில் நான் போட்ட கணக்கு

மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் என் வீடு. 540 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் சமைத்தால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிய சமையலறை. ரோஸ் நிறச் சுவரும் பூப்போட்ட திரைச்சீலையும் முந்தைய சொந்தக்காரரின் ரசனை. தனியாக இருக்கும் ஆள் நான். எனக்கு வேண்டியிருந்தது மரம், கல், கறுப்பு இரும்பு, பாசிப் பச்சை. அலங்கார வளைவு எதுவும் இல்லாமல், நேர்க்கோட்டில் நாலே நாலு சாமான். நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு "ஆம்பளை வீடு" என்று பெயர் வைத்தான். மரத்தூணும் கருங்கல் படியுமாக இருந்த எங்கள் பாட்டி வீட்டை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சரி, பெயர் எப்படியோ போகட்டும்.

நிறமும் தரையும் ஒரு மாலையில் முடிவாகிவிட்டன. சாம்பல் நிற விட்ரிஃபைட் டைல்ஸ் ஏற்கெனவே நன்றாக இருந்ததால் தொடவில்லை. மேலே ஒரு கோரைப்பாய் போட்டேன். பச்சையை முதலில் மூன்று சுவரில் அடித்தது தப்பு. ஊரிலிருந்து வந்த அம்மா, "என்னடா, பட்டப்பகல்ல லைட்டு போட்டு உக்காந்திருக்க?" என்றார். இரண்டு சுவரை மறுபடி வெள்ளையாக்கினேன். சின்ன வீட்டில் அடர்ந்த நிறத்தை இடுப்பு உயரத்துக்குக் கீழே, சாமான்களில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவெடுக்க ஒரு மாதம் இழுத்தது மர வேலைதான். மேசை, கட்டில், புத்தக அலமாரி, துணி அலமாரி எல்லாவற்றுக்கும் மூன்று வழிகள் முன்னால் இருந்தன. ப்ளைவுட் மேல் மைக்கா ஒட்டுவது, ப்ளைவுட் மேல் வெனீர் ஒட்டுவது, இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கை வாங்கி இழைப்பது. நான் போனது மூன்றாவது வழியில். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்காவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு மில்லிமீட்டர் தகடு, மேலே மரத்தின் படம். விலை குறைவு, ஈரத் துணியால் துடைத்தால் போதும். இப்போது வருகிற சொரசொரப்பு வகைகளை நாலடி தள்ளி நின்று பார்த்தால் நிஜ மரம் என்றே நம்பலாம். பக்கத்தில் போனால் ஒரே முடிச்சு அடுத்தடுத்த கதவில் திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதுதான் தெரியும். ஆனாலும் என் சமையலறையில் மைக்காதான். தாளிக்கிற எண்ணெயும் மஞ்சளும் தெறிக்கிற இடத்தில் வேறு எதையும் யோசிக்கவே இல்லை.

வெனீர் நிஜ மரம். அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிய மரத்தை மெல்லிய ப்ளையின் மேல் ஒட்டி, மொத்தம் நாலு மில்லிமீட்டர் தகடாக விற்கிறார்கள். நல்ல ஆள் ஒட்டினால் மரத்தின் ரேகை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அறுபடாமல் ஓடும். அழகு என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் புழங்கியது ஒரே ஒரு பரண் கதவு. அதையும் மாதத்துக்கு ஒருமுறை திறந்தால் அதிகம். அதனால் வெனீரைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கேள்வி: கீறல் விழுந்தால் என்ன செய்வது?

இதற்கு முன் வாடகைக்கு இருந்த வீட்டில், சைக்கிளை உள்ளே உருட்டி வரும்போது பெடல் அலமாரிக் கதவில் இடித்தது. விரல் நகம் அளவுக்கு மைக்கா பெயர்ந்து, உள்ளே ப்ளை தெரிந்தது. வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் முன் சரிசெய்ய வேண்டும். கடைக்குப் போனால் அந்த டிசைன் இப்போது வருவதில்லை என்றார்கள். ஒரு கதவை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கும் என்று மூன்று கதவுக்கும் புது மைக்கா போட்டுக் கொடுத்தேன். நகம் அளவு காயத்துக்கு மூன்று கதவு! சின்ன வீட்டில் எதை நகர்த்தினாலும் எதன் மேலாவது இடிக்கும். அங்கே மைக்காவுக்கு அடி படாமல் பார்த்துக்கொள்வது ஒரு தனி வேலை.

வெனீர் இதில் நடுவில் நிற்கிறது. மேலாகப் பட்ட கீறலை லேசாகத் தேய்த்து மறைக்கலாம். ஆனால் இருப்பதே அரை மில்லிமீட்டர். எமரித் தாளை இரண்டு இழுப்பு கூட இழுத்தால் அடியில் உள்ள ப்ளை எட்டிப் பார்க்கும். மேலே பியு (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் தொட முடியாது, தொட்ட இடம் திட்டாகத் தெரியும். கதவு முழுவதும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும், அதற்கு ஆள் வர வேண்டும்.

தேக்கு மேசையின் காலில் அதே சைக்கிள், அதே பெடல், போன வருடம் இடித்தது. 120-ஆம் நம்பர் எமரி, அப்புறம் 220, அதன் மேல் கொஞ்சம் எண்ணெய். அரை மணி நேரத்தில் எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. மரம் கிழியாமல் வெறுமனே அமுங்கியிருந்தால் இன்னும் சுலபம். எண்ணெய் பூசிய மரம்தானே. பள்ளத்தின் மேல் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வைத்து எடுத்தால் அமுங்கிய நார் ஆவியில் உப்பி மேலே வரும். காய்ந்த பிறகு ஒரு தேய்ப்பு. மைக்காவிடம் இந்த வித்தை பலிக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் மற்ற எல்லாத் தொல்லைகளையும் சகித்துக்கொண்டேன்.

தொல்லைகளும் கொஞ்சநஞ்சமில்லை. பூந்தமல்லி போகும் வழியில் ஒரு பழைய மரக் கடையில் வாங்கினேன். உத்தரம், நிலை, கதவுச் சட்டம் என்று கலந்து கிடக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் இப்படி வீடு இடித்த சாமான்கள் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இழைத்த பர்மாத் தேக்கு அந்த வழியாகவும் வெளியே வருகிறது. விலை கன அடிக்கு. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். ஏழு அடி நீளம், ஐந்துக்கு நாலு அங்குலச் சட்டம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கன அடி. எடை பதினெட்டு கிலோ பக்கம் வரும். மாடிக்குத் தூக்குவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஒரு பக்கத்தையாவது இழைத்துக் காட்டச் சொல்லுங்கள். தேக்கைக் கரையான் தொடாது என்பது பாதி உண்மை. தொடாமல் இருப்பது நடுவில் உள்ள வைரம், அதாவது முற்றிய உள்மரம் மட்டும். ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளையைக் கரையானும் தின்னும், உளுவும் துளைக்கும். சட்டத்தைத் தட்டிப் பார்த்து, அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். புதுத் தேக்கே வாங்கலாமே என்றால், சீக்கிரம் வெட்டிய தோட்டத்து மரத்தில் இந்த வெள்ளைதான் அதிகம்.

அப்புறம் ஆணி. பிடுங்கியது போக உள்ளேயே முறிந்து கிடந்தவை இழைப்புளியின் அலகை இரண்டு முறை பதம் பார்த்தன. "தம்பி, இந்த மரத்துல ஆணிதான் வைரம்" என்றார் தச்சர் அண்ணன். சிரித்துக்கொண்டே கூலியை ஏற்றினார். மரம் புதுத் தேக்கின் விலையில் பாதிக்குச் சற்று மேலே முடிந்தது. மிச்சம் பிடித்ததில் நல்ல பங்கு கூலிக்குப் போயிற்று. பத்து நாள் வேலை ஒரு மாதத்தைத் தொட்டது.

பியு வேண்டாம் என்று, கடையில் 'பாயில்டு' என்று விற்கிற ஆளிவிதை எண்ணெயைப் பூசினேன். வருடத்துக்கு ஒருமுறை நானே துணியால் தேய்த்துவிடுகிறேன். நவம்பரில் பூசியது மட்டும் முட்டாள்தனம். சென்னை ஈரக் காற்றில் நாலைந்து நாள் பிசுபிசுவென்றே இருந்தது. இன்னொன்று, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

துணி அலமாரியில் என் பிடிவாதம் செல்லவில்லை. அகலமான பலகைகளை முழு மரத்தில் செய்தால் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பெட்டி ப்ளைவுட், கதவுச் சட்டம் மட்டும் தேக்கு என்று சமாதானமானோம். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி என்பதால் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ப்ளைவுட் தகடு வாங்கினேன். 72 மணி நேரம் கொதி நீர்ச் சோதனையைத் தாங்க வேண்டிய ரகம் அது. ஒரு கடைக்காரர் "வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்று சத்தியம் செய்த தகட்டைத் திருப்பிப் பார்த்தால் ஐஎஸ் 303, அதுவும் எம்ஆர் ரகம். அது காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், ஒழுகும் சுவரைத் தாங்காது. கதவின் நடுவில் பலகைக்குப் பதில் பிரம்புப் பின்னல். காற்று போவதால் துணியில் பூசண வாடை இல்லை. இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது. பின்னல் தொய்யுமா என்பதை ஐந்து வருடம் கழித்துக் கேளுங்கள்.

கல்லுக்கு, டிவிக்குக் கீழே ஒரு கடப்பா பலகை. தேக்குக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு எடுப்பாக இருக்கிறது. எலுமிச்சம்பழ ஜூஸ் வைத்த டம்ளரின் வட்டம் அதில் வெளிறிப் பதிந்துவிட்டது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு அரிக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை. பக்கத்தில் மருள் செடித் தொட்டியை நகர்த்தி மறைத்திருக்கிறேன்.

வீட்டை விற்க நேர்ந்தால் மேசையையும் கட்டிலையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவேன், மைக்காவை அங்கேயே விட்டுவிடுவேன். மிச்சமான இரண்டு தேக்குச் சட்டங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. செருப்பு ஸ்டாண்ட் செய்துவிடலாம் என்று தச்சர் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அதற்கு மட்டும் மைக்காவே போதும் என்று சொல்லிவிட்டேன். மழையில் நனைந்த செருப்பைத் தேக்கின் மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.