பைசன், வாழை, அப்புறம் நம்ம ஊர்ப் பேச்சு

2025 தீபாவளிக்கு வந்த 'பைசன் காளமாடன்' என்ற கபடிப் படத்தை முதலில் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில்தான் பார்த்தேன். படம் பார்த்தேன் என்று சொல்லலாம், கேட்டேன் என்று சொல்ல முடியாது. பின்னணி இசை வந்தால் நாற்காலி அதிர்கிறது, ஆள் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை, அப்பாவாக வரும் பசுபதி பேசியதில் பாதி எனக்குக் காதிலேயே விழவில்லை. இடைவேளையில் போய்ச் சொன்னோம், சரி பார்க்கிறோம் என்றார்கள், கடைசி வரை அப்படியேதான் ஓடியது. சண்டைப் படம் என்றால் பொறுத்துப் போகலாம், இந்த மாதிரிப் படத்தில் பேச்சு போனால் படமே போன மாதிரி.

அதனால் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தேன். அம்மாவுக்குப் பிடித்துப்போனதால் அடுத்த ஞாயிறு ஹாட்ஸ்டாரில் 'வாழை', அதற்கடுத்த வாரம் 'பரியேறும் பெருமாள்'. மூன்றும் மாரி செல்வராஜ் இயக்கிய படங்கள், மூன்றும் நம்ம பக்கத்துக் கதை. 2018-ல் தொடங்கி 2025 வரை வந்தவற்றை மூன்று வாரத்தில் பார்த்ததில் நடிகர்களைப் பற்றி எனக்குச் சில விஷயங்கள் தெளிவாகிவிட்டன.

முதலில் பேச்சு. சினிமாவில் திருநெல்வேலித் தமிழ் என்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'லே' ஒட்டி, கையில் அரிவாளைக் கொடுத்து, கத்தவிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. 'சொல்லுதேன்', 'அங்கன நிக்கான்', 'அப்பா வந்தாவ' என்று வினைச்சொல்லின் வாலில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. 'ல' போடுவோம், ஆனால் யாரிடம் போடலாம் என்று ஒரு கணக்கு உண்டு: கூட்டாளியிடம், தம்பியிடம். பெரியவர்களிடம் வாய் தவறிப் போட்டால் முதுகில் ஒன்று விழும். இந்தக் கணக்கைத் தெரிந்து பேசுகிற நடிகரா, இல்லை எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறவரா என்பது எங்களுக்கு ரெண்டே வரியில் தெரிந்துவிடும். மாரி செல்வராஜின் 'கர்ணன்' படத்தில் மலையாள நடிகர் லாலுக்குத் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் குரலைத்தான் வைத்தார்கள், ஊர்ப் பேச்சு சரியாக வர வேண்டும் என்பதற்காக. லாலே அதை வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய நடிகர் அதற்குச் சம்மதித்தது எனக்கு ரொம்ப மரியாதையாகத் தோன்றியது.

இப்போது பசுபதி. 'சார்பட்டா பரம்பரை'யில் வடசென்னை ரங்கன் வாத்தியாராக நின்ற அதே மனிதர் பைசனில் நம்ம ஊர்ச் சம்சாரியாக, அதாவது விவசாயியாக, நிற்கிறார், ரெண்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு ஒற்றுமை இல்லை. கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பயின்றவர் என்பதால் உடம்பு மாறும், அது தெரியும். இங்கே மூச்சே மாறியிருக்கிறது. மகனைக் கபடிக்கு விடமாட்டேன் என்று மறிக்கும்போது அவர் கோபப்படுவதாகப் படவில்லை, பயப்படுகிறார், அந்தப் பயத்தைக் கோபத்துக்குள் ஒளித்துவைக்கிறார். ஊரில் பகை இருக்கிற இடத்தில் வளர்ந்த பையன்களின் அப்பாக்கள் அப்படித்தான் பேசுவார்கள். என் பெரியப்பா ஒரு காலத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஊர் ஊராகக் கபடி ஆடப் போனவர். சுண்ணாம்புக் கோடு போட்டு, கம்பு நட்டு, குழல் விளக்குக் கட்டி விடிய விடிய ஆட்டம் நடக்கும். அவர் திரும்பி வரும் வரை ஆச்சி வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பசுபதி முகத்தில் எனக்கு ஆச்சிதான் தெரிந்தாள்.

துருவ் விக்ரமைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995-ல் அர்ஜுனா விருது வாங்கியவர், எங்கள் பக்கத்தில் கபடி ஆடுகிற பையன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த பெயர். அவர் வாழ்க்கையைத் தழுவிய பாத்திரத்தைத் தூக்க உடம்பு மட்டும் போதாது. துருவ் முறையாகக் கபடி பழகித்தான் நடித்திருக்கிறார், அது காலில் தெரிகிறது. கபடி பாடி எதிரணிப் பக்கம் போகும்போது பின்கால் எப்படி ஊன்றுகிறது, கோட்டுக்குத் திரும்பும் முன் இடுப்பை எப்படி ஒடிக்கிறார் என்று பாருங்கள், நடிகன் மாதிரி இல்லை, ஆட்டக்காரன் மாதிரி இருக்கிறது. துருவ் செய்த கிட்டான் அதிகம் பேசாத பையன் என்று வைத்ததும் நல்ல முடிவு. கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய ஒன்றிரண்டு இடங்களில்தான் சென்னை எட்டிப் பார்க்கிறது.

அக்காவாக வரும் ரஜிஷா விஜயன் எனக்கு ரொம்பப் பிடித்தது. அனுபமா பரமேஸ்வரனுக்கு எழுதியது போதவில்லை, காதல் காட்சிகள் வரும்போதெல்லாம் மைதானத்துக்குத் திரும்ப மாட்டார்களா என்றிருந்தது. அமீர், லால் ரெண்டு பேரும் கனமான ஆட்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் பகை நடுவில் இழுத்துக்கொண்டே போகிறது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் ஒரு இருபது நிமிடத்தைத் தாராளமாக வெட்டியிருக்கலாம்.

சரி, வாழைக்கு வருகிறேன். அம்மா பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம். சின்ன வயதில் வாழைக்காய் சுமக்கப் போனவள். தாமிரபரணிப் பாசனத்தில் வயலெல்லாம் வாழை, தார் வெட்டினால் சகதிக்குள் வரப்பு வரப்பாகத் தலையில் சுமந்து ரோட்டில் நிற்கிற லாரி வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படம் ஓடும்போது அம்மா கதையைப் பார்க்கவில்லை, பையன்கள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எய்யா, சும்மாடு சரியாத்தான் வச்சிருக்கான், ஆனா கழுத்து வளையுது பாரு, ராத்திரி இந்தப் பிள்ளைக்குத் திரும்பிப் படுக்க முடியாது" என்றாள். பள்ளிக்கூடம் லீவு என்றால் காய் சுமக்கப் போக வேண்டுமே என்று படத்தில் வரும் பையன் சிவனைந்தன் சனி, ஞாயிறை வெறுப்பதைப் பார்த்ததும் படத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். வாழைக்கறை பட்ட பாவாடையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தும் போகாமல், அந்தக் கறையோடே பள்ளிக்கூடம் போனதைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை.

பொன்வேல், ராகுல் என்ற அந்த ரெண்டு பையன்களும் நடிக்கிறார்கள் என்றே தோன்றவில்லை. ரஜினியா கமலா என்று சண்டை போடுவதைப் பாருங்கள், 90-களில் எங்கள் தெருவில் கேட்ட அதே சுருதி. பூங்கொடி டீச்சராக நிகிலா விமல் அளவாகச் செய்திருக்கிறார். அவர் கர்சீப்பைப் பையன் பொத்திப் பொத்தி வைத்திருப்பதும், அதே கையால் தார் தூக்குவதும் அடுத்தடுத்து வருகிற இடம் எனக்கு மறக்காது. கலையரசன் தாருக்குக் கூலி கூட்டிக் கேட்கிற காட்சிகளில் சத்தமே போடாமல் நின்றுகொள்கிறார், நன்றாக இருந்தது. இவர்கள் எல்லோரையும்விட ஒரு படி மேலே அம்மாவாக வரும் ஜானகி. கடைசிப் பத்து நிமிடத்தில் அவர் அழுகிற அழுகை சினிமா அழுகை இல்லை, எங்கள் பக்கத்து இழவு வீட்டில் கேட்கிற அழுகை. "இந்தப் பொம்பளை எந்த ஊரு?" என்று அம்மா ரெண்டு தடவை கேட்டாள்.

பரியேறும் பெருமாளில் நாயகன் கதிரைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. கராத்தே வெங்கடேசன் செய்த அந்தக் கிழவர், பையப் பேசிக்கொண்டே கொலை செய்கிறவர், இத்தனை வருஷம் கழித்தும் பயமாகத்தான் இருக்கிறார். நான் சொல்ல வந்தது கதிருக்கு அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜைப் பற்றி. பெண் வேடம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞராக வருவார், நிஜத்திலும் நாட்டார் கலைஞர்தான், 2023-ல் காலமாகிவிட்டார். கல்லூரி வாசலில் வேட்டியை உருவி அவரை ஓடவிடுகிற காட்சியில் அவர் கத்தவில்லை, திட்டவில்லை, ரெண்டு கையாலும் உடம்பை மறைத்துக்கொண்டு ஓடுகிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு அம்மா, "போதும்யா, அணைச்சிரு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். மீதியை வருகிற ஞாயிறு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாள்.