லிப்இவெண்ட்: ஆறும் ஏழும் ஒன்றல்ல

வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் போகிற பஸ்களுக்கு சீட் புக்கிங் செய்யும் ஒரு நிறுவனத்தின் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. கவுண்டர்கள் நாள் முழுக்க இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். ஓரிடத்தில் சீட் போனால் மற்ற எல்லாத் திரையிலும் அது உடனே சிவப்பாக வேண்டும். அதைச் செய்கிற சின்ன சி புரோகிராம் ஓடுவது லிப்இவெண்ட்டின் மேல்தான்.

நீல்ஸ் புரோவோஸ் தொடங்கிய லைப்ரரி இது, அதாவது மற்றப் புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோட். எந்த சொக்கெட்டில் (இணைப்பின் முனையில்) தரவு வந்ததோ அதற்குரிய ஃபங்ஷனை மட்டும் கூப்பிடும். இணைப்புகளைக் கவனிக்க அந்தந்தச் சிஸ்டம் தரும் வசதியை, லினக்ஸில் ஈபோல், மேக்கில் கேகியூ என்று தானே தெரிந்தெடுக்கும். நம் கோடில் ஒரு வரி மாறாது. மெம்கேஷ்டி, டிமக்ஸ், டோர் என்ற பெயர்பெற்ற மென்பொருள்கள் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன. ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சோதனை வந்தது அப்டேட்டில். சர்வரின் உபுண்டு லினக்ஸை 18.04இலிருந்து 20.04க்கு ஏற்றிய இரவு, கடைசி பஸ் போனபிறகுதான் தொடங்கினோம். ரீபூட் ஆனதும் புரோகிராம் எழும்பவில்லை. புரோகிராமுக்கு எந்த லைப்ரரிகள் வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 'லிப்இவெண்ட்-2.1 எஸ்ஓ 6' இருந்த வரிக்கு நேரே 'நொட் ஃபவுண்ட்'. எஸ்ஓ என்பது லைப்ரரிக் கோப்பின் பெயரில் வரும் ஒட்டு, பின்னால் நிற்பது அதன் இலக்கம். 20.04இல் இருப்பது எஸ்ஓ 7. எங்கள் புரோகிராம் கையால் கம்பைல் செய்து யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் போட்டது. அப்படி ஒன்று இருப்பதே, பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கும் ஏபிடிக்குத் தெரியாது. பழைய லைப்ரரி யாருக்கும் தேவையில்லை என்று அது துடைத்துவிட்டது.

கூட இருந்த தம்பி, "அண்ணா, ஏழுக்கு ஆறு எண்டு ஒரு லிங்க் போட்டா ஓடும்" என்றான். ஆறு என்ற பெயரைக் கேட்டால் ஏழைக் காட்டும் குறுக்குவழி அது. ஓடியும் இருக்கும். ஆனால் அந்த இலக்கத்தைக் கூட்டுவதன் அர்த்தமே, முன்பு கம்பைல் செய்த பழைய பைனரி இதோடு ஒத்துப்போகும் என்று நம்பாதே என்பதுதான். அதை மறைத்து லிங்க் போட்டால் ஒருநாள் சனம் நிறைந்த நேரத்தில் விழும். வேண்டாம் என்றேன். கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள் உள்ள டெவ் பேக்கேஜைப் போட்டு மறுபடி கம்பைல் செய்ய, தேத்தண்ணி ஆறமுதல் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் புரோகிராமையும் ஏபிடிக்குத் தெரியவரும் டெப் பேக்கேஜாகவே கட்டுகிறேன். எந்த லைப்ரரி வேண்டும் என்பதைக் கட்டும்போதே, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் கருவிகள் பார்த்து எழுதிவிடும். கோர், எக்ஸ்ட்ரா, ஓபன்எஸ்எஸ்எல், பீத்ரெட்ஸ் என்று லிப்இவெண்ட்டைத் துண்டுதுண்டாகப் பிரித்து வைத்திருப்பதும் நல்ல ஏற்பாடு. எங்களுக்குக் கோர் மட்டும் போதும்.

மனக்குறை ஒன்றுதான்: லிப்இவெண்ட்டின் புது ஸ்டேபிள் (நிலையான) பதிப்பு வர நெடுநாள் எடுக்கிறது. 2020 ஜூலையில் வந்த 2.1.12தான் உபுண்டு 22.04இலும் 24.04இலும். 24.04இல் பேக்கேஜ் பெயரின் கடைசியில் 'டி64' (நேரத்தை 64 பிட்டில் வைக்கும் மாற்றத்தின் அடையாளம்) ஒட்டியிருப்பதைக் கண்டு கொஞ்சம் பயந்தேன். 64 பிட் சர்வரில் உள்ளே இருப்பது அதே எஸ்ஓ 7. பழைய பெயரையும் தானே தருவதாக அந்தப் பேக்கேஜ் அறிவிக்கிறது. இந்தமுறை கம்பைல் செய்யவே தேவைப்படவில்லை. காலையில் கவுண்டர் திறந்தபோது முதல் சீட் எல்லாத் திரையிலும் சிவந்தது.