ஈபிஎஸ் வொல்யூமைக் கோட் எழுதிப் பெருப்பித்தல்: திருகோணமலைச் சீசனுக்கு இது சரிவருமா?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் அறை தேடி அலைய வேண்டும். மாரி பிறந்தால் அதே கடற்கரை வெறிச்சோடிவிடும். அறைப் பதிவு, படகுச் சவாரி, சாப்பாட்டு ஓடர் என்று இந்த வியாபாரங்களின் பின்னால் ஓடும் டேட்டாபேஸ்களும் இதே தாளத்தில்தான் ஏறி இறங்குகின்றன. அப்படிப்பட்ட வேலைக்கு அமேசன் வெப் சேர்விசஸின் ஈபிஎஸ் வொல்யூம்களை, அதாவது வாடகைக்கு எடுக்கும் கிளவுட் டிஸ்க்குகளை, கொன்சோல் எனும் இணையப் பக்கத்தில் கிளிக் பண்ணாமல் கோட் மூலமாகவே மாற்றுவது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இந்த மதிப்பீடு. கட்டளை வரி, பைத்தன் மொழியிலிருந்து அமேசனை அழைக்கும் போட்டோ3, வேண்டிய அமைப்பைப் பைலில் எழுதிவைத்தால் அதன்படி மாற்றிவிடும் டெராபோம் ஆகிய மூன்று வழிகளையும் எடுத்துக்கொள்கிறோம்.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். டிஸ்க்கின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இது மிக நல்ல சேவை. அளவைப் பொறுத்தவரை ஏறலாம், இறங்க முடியாது. சீசனுக்கென்று 100 கிகாபைட்டை 500 ஆக்கினால், ஹோட்டல் பூட்டிக் கிடக்கும் டிசெம்பரிலும் 500க்கே காசு கட்ட வேண்டும். ஆகவே சீசனோடு மாற வேண்டியது வேகம். அளவு என்பது தரவு உண்மையாக வளரும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டிய ஒன்று.

ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை நிறுத்தாமல் வொல்யூமின் அளவு, வகை, வேகம் மூன்றையும் மாற்றும் வசதி 2017 பெப்ரவரியில் இலாஸ்டிக் வொல்யூம்ஸ் என்ற பெயரில் வந்தது. அதற்கு முன்னர் ஸ்னப்ஷொட் (அந்த நேரத்துப் பிரதி) எடுத்து, பெரிய வொல்யூம் ஒன்றை உருவாக்கி, பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்ட வேண்டும். இந்த வசதிக்கு முழுப் பயன் கிடைத்தது 2020 டிசெம்பரில் ஜீபீ3 வகை வந்த பிறகுதான். பழைய ஜீபீ2 இல் வேகம் அளவோடு ஒட்டியது: கிகாபைட்டுக்கு 3 ஐஒப்ஸ் (செக்கனுக்கு நடக்கும் வாசிப்பு, எழுத்து வேலைகளின் எண்ணிக்கை). 6000 ஐஒப்ஸ் நிலையாக வேண்டுமென்றால் 2000 கிகாபைட் வாங்க வேண்டும். ஜீபீ3 இல் எந்த அளவு வொல்யூமுக்கும் 3000 ஐஒப்ஸும் செக்கனுக்கு 125 மெகாபைட்டும் விலைக்குள் அடக்கம். மேலதிகம் வேண்டுமானால் அதை மட்டும் தனியாக வாங்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் வெர்ஜீனியா ரீஜனில் ஜீபீ3 மாதத்துக்குக் கிகாபைட் ஒன்றுக்கு 0.08 டொலர், ஜீபீ2 0.10 டொலர். மேலதிக ஐஒப்ஸ் ஒன்றுக்கு 0.005 டொலர். 125க்கு மேற்பட்ட ஒவ்வொரு மெகாபைட் வேகத்துக்கும் 0.04 டொலர். நமக்குக் கிட்டவுள்ள மும்பாயிலும் சிங்கப்பூரிலும் விலை இதைவிடக் கூட, ஆனால் விகிதம் ஏறக்குறைய இதுதான். 100 கிகாபைட் ஜீபீ3 க்கு 8 டொலர். சீசனில் அதை 6000 ஐஒப்ஸுக்கும் 250 மெகாபைட்டுக்கும் உயர்த்தினால் 15 உம் 5 உம் சேர்ந்து மொத்தம் 28 டொலர். ஜீபீ2 இல் அதே 6000 ஐஒப்ஸுக்கு 200 டொலர். ஒக்டோபரில் ஒரு வரியை மாற்றினால் 28 மறுபடி 8 ஆகிவிடும். டொலரில் பில் வந்து ரூபாயில் கட்டும் சிறிய நிறுவனத்துக்கு இந்த 20 டொலர் பெரிய விஷயம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வொல்யூமுக்கு வேகம் வாங்கினாலும் இன்ஸ்டன்ஸ், அதாவது வொல்யூமைப் பூட்டியிருக்கும் கிளவுட் சேர்வர், அதைத் தாங்க வேண்டும். டீ3 மீடியம் என்ற இன்ஸ்டன்ஸ் வகை நிலையாகக் கொடுப்பது 2000 ஐஒப்ஸ்தான். 24 மணித்தியாலத்தில் ஒரு தடவை 30 நிமிடம் மட்டில் 11,800 வரை பாயும், பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடும். டீ3 லார்ஜுக்கு நிலையான அளவு 4000. இந்த இரண்டிலும் 6000 ஐஒப்ஸ் வொல்யூமைப் பூட்டுவது கொடுத்த காசை வீணாக்குவதே. முதலில் இன்ஸ்டன்ஸின் எல்லையைப் பாருங்கள், பிறகு வொல்யூமுக்கு வாருங்கள்.

இனி வேலை. மொடிஃபை வொல்யூம் என்ற ஒரே ஏபிஐ அழைப்பு, அதாவது புரோகிராம் அமேசனுக்கு அனுப்பும் கோரிக்கைதான் எல்லா வழிகளுக்கும் அடியில் இருக்கிறது. வொல்யூம் ஐடி, அளவு, வகை, ஐஒப்ஸ், துரூபுட் (செக்கனுக்கு எத்தனை மெகாபைட் என்ற வேகம்) ஆகியவற்றில் மாற வேண்டியதை மட்டும் கொடுத்தால் போதும். அளவு என்பது கூட்ட வேண்டிய தொகை அல்ல, மாற்றத்துக்குப் பிறகு இருக்க வேண்டிய மொத்தம். 100 கிகாபைட் வொல்யூமுக்கு 50 என்று கொடுத்தால் பிழைச் செய்தி வரும், பாதகமில்லை. 150 என்று அடிக்கப் போய் 1500 என்று அடித்தால் அது ஏற்றுக்கொள்ளப்படும். அனுப்பிய கோரிக்கையை இரத்துச் செய்ய வழியே இல்லை. மாற்றம் தொடங்கிய கணத்திலிருந்து புதிய விலை. போட்டோ3 ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதற்காகவே ஒரு உச்சவரம்பை வைக்க வேண்டும்: புதிய அளவு பழையதன் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் நின்று ஆளைக் கேட்க வேண்டும்.

கோரிக்கை போன பிறகு வொல்யூம் மொடிஃபையிங், ஒப்டிமைஸிங், கொம்ப்ளீட்டட் என்ற மூன்று நிலைகளைக் கடக்கும். முதல் நிலை பெரும்பாலும் சில செக்கன்கள். ஒப்டிமைஸிங் மணிக்கணக்கில் நீளலாம். ஒரு டெராபைட் நிறைந்த வொல்யூமுக்கு ஆறு மணித்தியாலம் அளவில் எடுக்கும். ஒப்டிமைஸிங் தொடங்கிய உடனேயே கூடுதல் இடம் சேர்வருக்குத் தெரியும், பைல் சிஸ்டத்தை (டிஸ்க்கில் பைல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பை) அப்போதே விரிக்கலாம். கொம்ப்ளீட்டட் வரும்வரை காத்திருக்கும்படி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்கள் நேரம் கடந்து தோற்றுப்போவது இதை அறியாததால்தான். ஒரு மாற்றம் முடியாமல் அதே வொல்யூமில் அடுத்ததைத் தொடங்கவும் விடமாட்டார்கள். அடுத்தடுத்து எத்தனை தடவை மாற்றலாம் என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. பல வருடங்களாக அது ஒரு மாற்றத்துக்குப் பின் 6 மணித்தியாலம் பொறுத்திருப்பதாக இருந்தது. எனவே அளவையும் வகையையும் வேகத்தையும் ஒரே அழைப்பில் சேர்த்து அனுப்புங்கள். காலையில் அளவு, மத்தியானம் வேகம் என்று பிரித்தால் மாட்டிக்கொள்ளலாம்.

ஜீபீ2 இலிருந்து ஜீபீ3 க்குப் போகும்போது ஐஒப்ஸையும் துரூபுட்டையும் குறிப்பிடாமல் விட்டால், பழைய வொல்யூமின் வேகம், ஜீபீ3 இன் அடிப்படை வேகம் இரண்டில் எது கூடவோ அதை ஈபிஎஸ் தானே எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, 500 கிகாபைட் ஜீபீ2 ஒன்றுக்கு 1500 ஐஒப்ஸும் 250 மெகாபைட்டும் உண்டு. அது மாறும்போது 3000 ஐஒப்ஸும் அதே 250 மெகாபைட்டுமாக வரும். அந்த மேலதிக 125க்கு மாதம் 5 டொலர் சத்தமில்லாமல் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் 125 என்று நீங்களே எழுதிவிட வேண்டும்.

வொல்யூம் பெருத்தாலும், லினக்ஸில் இட அளவைப் பார்க்கும் டிஎப் கட்டளை பழைய அளவையே காட்டும். இந்தச் சேவையின் பெரிய குறை இதுவே: அமேசன் டிஸ்க்கைப் பெருப்பித்துத் தரும், உள்ளே இருக்கும் பார்ட்டிஷனும் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) பைல் சிஸ்டமும் உங்கள் பொறுப்பு. முதலில், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை அடித்து டிஸ்க் 150 என்றும் பார்ட்டிஷன் 100 என்றும் தெரிகிறதா பாருங்கள். அடுத்து, பார்ட்டிஷனை விரிக்கும் குரோபார்ட் கட்டளை. டிஸ்க்கின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டும், சேர்த்து அடித்தால் வேலை செய்யாது. பார்ட்டிஷன் இல்லாமல் நேரடியாக போர்மட் செய்த டேட்டா வொல்யூமுக்கு இந்தப் படி தேவையில்லை. பிறகு, பைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால் ரீசைஸ்2எப்எஸ் கட்டளைக்குப் பார்ட்டிஷனின் பெயரையும், எக்ஸ்எப்எஸ் என்றால் எக்ஸ்எப்எஸ் குரோஎப்எஸ் கட்டளைக்கு மவுண்ட் பண்ணிய இடத்தையும், அதாவது டிஸ்க்கை இணைத்திருக்கும் அடைவையும், கொடுக்க வேண்டும். சூப்பர் புளொக்கில் பிழையான மெஜிக் எண் என்று செய்தி வந்தால் டிஸ்க் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். பெரும்பாலும் எக்ஸ்எப்எஸ் டிஸ்க்கில் ரீசைஸ்2எப்எஸ் ஓட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிடும் லினக்ஸ் அமைப்பு) இருந்தால் பீவீரீசைஸ் ஓட்டி, அதன் பின் எல்வீஎக்ஸ்டெண்டை ஆர் தெரிவோடு ஓட்டினால் பைல் சிஸ்டமும் சேர்ந்தே விரியும்.

இதைத் தானியங்கியாக்கும்போது பிழைக்கும் இடங்கள் நாலு. குரோபார்ட்டுக்கு விரிக்க ஒன்றும் இல்லையென்றால் நோசேஞ்ச் என்று சொல்லி 1 என்ற வெளியேற்றக் குறியோடு முடியும். பிழை வந்தால் நில் என்று எழுதப்பட்ட ஷெல் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நின்று, பைல் சிஸ்டத்தை விரிக்காமல் விட்டுவிடும். 1 ஐத் தனியாகக் கையாளுங்கள், 2 தான் உண்மையான தோல்வி. இரண்டாவது, ரூட் டிஸ்க் முற்றாக நிறைந்த பிறகு ஓட்டினால் குரோபார்ட்டுக்குத் தற்காலிகப் பைல் எழுதவே இடமிருக்காது. டெம்ப் அடைவின் மேல் நினைவகத்தில் இயங்கும் சிறிய டெம்ப்எப்எஸ் ஒன்றை மவுண்ட் பண்ணிவிட்டு ஓட்ட வேண்டும். மூன்றாவது, நைட்ரோ எனும் புதிய தலைமுறை இன்ஸ்டன்ஸ்களில் நீங்கள் எஸ்டிஎப் என்று பூட்டிய வொல்யூம் உள்ளே என்விஎம்ஈ என்று தொடங்கும் வேறு பெயரில் வரும், மறுதொடக்கத்தில் அந்த எண்ணும் மாறலாம். டெவ் அடைவின் டிஸ்க், பை-ஐடி என்ற உள்ளடைவில் வொல்யூம் ஐடியோடே பெயர் இருக்கிறது, ஸ்கிரிப்டில் அதையே பாவியுங்கள். நாலாவது, பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை 2 டெராபைட்டைத் தாண்டாது.

டெராபோம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரவு அழியும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஈபிஎஸ் வொல்யூமைத் தனி ரிசோர்சாக (டெராபோம் பைலில் ஒரு பொருளுக்கான பதிவாக) எழுதி, அதை இன்ஸ்டன்ஸில் பூட்டும் அட்டாச்மென்டை இன்னொரு ரிசோர்சாக எழுதினால் அளவு மாற்றம் இருந்த இடத்திலேயே நடக்கும். அதே டேட்டா வொல்யூமை இன்ஸ்டன்ஸ் ரிசோர்சின் உள்ளேயே எழுதிவைத்து அளவை மாற்றினால், இன்ஸ்டன்ஸையே அழித்துப் புதிதாகக் கட்டத் திட்டம் போடும். தனி ரிசோர்சிலும் எவெய்லபிலிட்டி ஸோனையோ (ரீஜனுக்குள் வொல்யூம் இருக்கும் இடம்) என்கிரிப்ஷன் அமைப்பையோ தொட்டால் வொல்யூம் அழிந்து வெறும் வொல்யூம் ஒன்று வரும். செய்யப்போவதை முன்கூட்டிக் காட்டும் பிளானில் ரீப்ளேஸ் என்ற சொல் எங்கே வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். அழிப்பதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஸ்ட்ரோய் வரியை ஒவ்வொரு டேட்டா வொல்யூமுக்கும் கட்டாயம் போடுங்கள்.

கொன்சோலில் ஒருவர் கையால் மாற்றிவிட்டுக் கோடைத் திருத்தாமல் விட்டால் இரண்டு விதமாகப் பிழைக்கும். அளவைக் கூட்டியிருந்தால், மாற்றங்களை நடைமுறைப்படுத்தும் அடுத்த அப்ளை அதைக் குறைக்கப் பார்க்கும், ஏபிஐ மறுக்கும், பிழைச் செய்தி வரும். பிளான் அதை ஏற்றுக்கொண்டது போலக் காட்டும், அப்ளையில்தான் உடையும். ஐஒப்ஸைக் கூட்டியிருந்தால் நிலைமை மோசம்: கோடில் 3000 என்று எழுதியிருந்தால் அப்ளை பிழையே காட்டாமல் அந்தப் பழைய 3000க்கு இறக்கிவிடும். ஓகஸ்ட் மாதத்தில், ஹோட்டல் நிறைந்திருக்கும் வாரத்தில், வேறெதையோ மாற்றப் போன ஒருவரால் டேட்டாபேஸ் மந்தமாகும் காரணம் இதுவாக இருக்கலாம்.

மழையும் மின்வெட்டும் வரும் ஊரில் மடிக்கணினியிலிருந்து அப்ளை ஓட்டாதீர்கள். நடுவில் தொடர்பு அறுந்தால், இருவர் ஒரே நேரத்தில் ஓட்டாமல் தடுக்கும் ஸ்டேட் பூட்டு அப்படியே நிற்கும். வேறு யாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதிசெய்த பின்னரே அதைத் திறக்கும் போர்ஸ் அன்லொக் கொடுக்க வேண்டும். வொல்யூம் கோரிக்கை ஏற்கெனவே போயிருந்தால் அது தன்பாட்டில் முடியும், அடுத்த ரிப்ரெஷில் டெராபோம் கண்டுகொள்ளும். இதற்கென்று மும்பாயில் ஒரு சின்ன இன்ஸ்டன்ஸோ கோடைத் தானாக ஓட்டும் சீஐ பைப்லைனோ வைத்திருப்பது நல்லது. பைல் சிஸ்டத்தை விரிக்கும் ஸ்கிரிப்டை அமேசனின் சிஸ்டம்ஸ் மனேஜரில் உள்ள, சேர்வரிலேயே கட்டளை ஓட்டும் ரன் கொமாண்ட் மூலம் அனுப்பினால் திருகோணமலை உவர்மலையில் கரண்ட் போனாலும் அது அங்கே ஓடி முடியும்.

எப்போது பெருப்பிக்க வேண்டும் என்பதை அமேசனின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வொச் தானாகச் சொல்லாது, அது வொல்யூமின் உள்ளே பார்ப்பதில்லை. சேர்வருக்குள் அதன் ஏஜென்டை நிறுவி, டிஸ்க் பாவனை வீதத்துக்கு 80 இல் எச்சரிக்கை வையுங்கள். இடம் இருந்தும் இடமில்லை என்று செய்தி வந்தால் ஐநோட் (பைல் ஒவ்வொன்றுக்குமான பதிவிடம்) தீர்ந்திருக்கும், டிஎப் கட்டளையை ஐ தெரிவோடு ஓட்டினால் தெரியும்.

கொண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓடுபவர்களுக்கு, ஸ்டோரேஜ் கிளாஸில் (வொல்யூம் வகைக்கான அமைப்பில்) வொல்யூம் விரிப்பை அனுமதித்திருந்தால் பீவீசீ எனும் வொல்யூம் கோரிக்கையின் அளவைத் திருத்தினாலே போதும், பைல் சிஸ்டமும் தானாக விரியும். இந்த விஷயத்தில் அது நேரடி வழிகளைவிட மேல். தரவு வைத்திருக்கும் பொட்களை (ஓடும் அலகுகளை) நிர்வகிக்கும் ஸ்டேட்புல்செட்டின் வொல்யூம் வார்ப்புருவை மட்டும் திருத்த விடாது. பொட்களை அநாதையாக விடும் தெரிவோடு ஸ்டேட்புல்செட்டை அழித்து, புதிய அளவோடு மறுபடி உருவாக்க வேண்டும்.

ஏற்கெனவே 500 ஆக்கிவிட்டு இப்போது கையைப் பிசைகிறவர்களுக்கு: ஸ்னப்ஷொட்டிலிருந்து சிறிய வொல்யூம் உருவாக்க முடியாது, ஸ்னப்ஷொட் எடுத்த வொல்யூமின் அளவுக்குக் குறையக் கேட்டால் மறுத்துவிடும். புதிதாக 150 கிகாபைட் வொல்யூம் ஒன்றைப் பூட்டி, போர்மட் செய்து, சேவை ஓடும்போதே, பைல்களைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க்கை ஒரு தடவை ஓட்டுங்கள். பிறகு டேட்டாபேஸை நிறுத்தி இன்னொரு தடவை ஓட்டினால் மிச்சம் மட்டும் வரும். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் பண்ணுவது என்று சொல்லும் எப்எஸ்டெப் பைலில் யூயூஐடியை (டிஸ்க்கின் அடையாளக் குறியை) மாற்றி, புதியதை மவுண்ட் பண்ணி, சேவையைத் தொடங்குங்கள். பழைய வொல்யூமை ஒரு வாரம் கழற்றிய நிலையில் வைத்திருந்து, அதன் ஸ்னப்ஷொட் ஒன்றை எடுத்த பின் அழிக்கலாம். கழற்றி வைத்திருக்கும் அந்த வாரத்துக்கும் பில் ஓடும் என்பதால் அழிக்கும் திகதியை அன்றைக்கே குறித்துவையுங்கள். இந்த வேலைக்கு ஏற்ற மாதம் நவம்பர்.