பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் என்று காசு வாங்கி மலிவான என்.சி. லாக்கர் அடிக்கிறார்கள்: பெங்களூருவில் இருப்பவர்கள் கவனிக்கவும்

பிளைவுட் வாங்கி, அறுத்து, பூட்டி, ஒரு அலமாரியை நானே செய்தேன். முதல் வேலை. பாலிஷ் மட்டும் கைக்குப் பழகவில்லை என்று வெளியே கொடுத்தேன். அல்சூர் பக்கம் சில வீடுகளில் வேலை செய்தவர் வந்தார். "சார், நானும் தமிழ்தான், உங்ககிட்ட போய் ஏமாத்துவேனா?" என்றார். இப்போதெல்லாம் அந்த வசனத்தைக் கேட்டாலே எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

பேசியது பி.யூ. மேட் (பளபளப்பு இல்லாத பூச்சு), பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 180 ரூபாய். முடித்துக் கொடுத்தபோது பார்க்க நன்றாக இருந்ததால் முழுப் பணத்தையும் கொடுத்தேன். சில வாரம் கழித்து அதன் மேல் நகப்பூச்சு அழிக்கும் ரிமூவர் சிந்தியது. துணியால் துடைத்தால் பாலிஷும் கூடவே வழித்துக்கொண்டு வந்துவிட்டது!

பி.யூ. என்றால் அப்படி வராது. அதில் பேஸ் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டும் கலந்து வேதிவினை நடந்து இறுகும், இறுகிய பிறகு கரையாது. என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் ஆவியானால் காய்ந்துவிடும், மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். நகப்பூச்சிலும் பெரும்பாலும் இதே சரக்குதான், எனவே ரிமூவரில் உள்ள அசிட்டோனுக்கு என் அலமாரியும் ஒரு பெரிய நகம்தான். விலையில் என்.சி. மிக மலிவு. புதிதாக வேலை செய்பவர் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், அந்த இடத்தில்தான் விளையாடுகிறார்கள்.

போன் செய்தேன். முதலில் "மழைக்காலம் சார், பி.யூ. இன்னும் செட் ஆகலை" என்றார். பி.யூ. நன்றாக இறுக ஒரு வாரம் போதும். அப்புறம் "உள்பக்கம் மட்டும்தான் என்.சி., எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றார். கதவு, தட்டு, பின்பக்கம் என்று எல்லா இடத்திலும் பஞ்சில் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எல்லாமே கரைந்தது. அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

பாலிஷ் வேலை கொடுப்பவர்கள் இதைப் பாருங்கள். சீல் உடையாத பேஸ், ஹார்டனர், அதற்கான பி.யூ. தின்னர் மூன்றும் வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னால் திறக்க வேண்டும். முடிந்தால் ஹார்டுவேர் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு போன்ற இடத்தில் நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுங்கள். கலந்த பி.யூ. சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். நேற்று மிச்சமான சரக்கை இன்று கோலா பாட்டிலிலிருந்து ஸ்ப்ரே கன்னில் ஊற்றினால், அது பி.யூ. இல்லை. என் வீட்டில் அதுதான் நடந்தது. அதேபோல சாதாரண என்.சி. தின்னரைப் பி.யூ.வில் கலக்கவும் விடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஆல்கஹால் இருக்கும், அது ஹார்டனரோடு சேர்ந்துவிட்டால் பூச்சு இறுகாமல் பிசுபிசுப்பாக நிற்கும். கடைசித் தவணை கொடுக்கும் முன், கண்ணில் படாத மூலையில் ரிமூவர் பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்த என்.சி. மேலேயே பி.யூ. அடித்து மூடலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். பி.யூ. தின்னர் பட்டால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். தின்னர் வைத்து முழுதும் துடைத்தெடுத்து வருகிறேன். பிளைவுட்டின் மேலே இருக்கும் மெல்லிய மர ஏடு (வெனீர்) அரை மில்லிமீட்டர்கூட இல்லை, உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அடிப்பலகை தெரிந்துவிடும், அதனால் மெதுவாகத்தான் போகிறது.

பில் கிடையாது. ஆனால் "பி.யூ. மேட் 180" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. அதை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.