பழைய பைக்: அசல் பெயின்டா, புதுப்பித்ததா?

பழைய பைக் தேடுகிறவர் முன் இரண்டு வகை வந்து நிற்கும். கம்பெனி பெயின்டோடு அப்படியே இருப்பது ஒன்று. முழுசாகப் பிரித்துப் புதுப்பித்தது இன்னொன்று. பளபளப்பில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஆனால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். இரும்பு டேங்க் என்றால் துணி சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் பிடி தளரும். என்ஜின் நம்பர் பொறித்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் நான் விலையே பேச மாட்டேன். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இன் ஆரம்ப வண்டிகளில் என்ஜின் கேஸை, அதாவது என்ஜினின் வெளிக்கூட்டை, ‘மணல் வார்ப்பு’ என்பார்கள்; உண்மையில் அது உலோக அச்சில் வார்த்தது. சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பது அதற்குத்தான். நம்பரும் கேஸும் அசலாக இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை.

அசல் வண்டியில் மறைக்க ஒன்றும் இருக்காது, செலவு இருக்கும். வருஷக்கணக்கில் நின்றிருந்தால் ஆயில் சீல், டயர், பிரேக் ஹோஸ் எல்லாம் இறுகிப்போயிருக்கும். டேங்குக்குள் டார்ச் அடித்தால் துரு தெரியும். இதெல்லாம் மாற்றவோ சரிசெய்யவோ முடிகிற சமாச்சாரம். அசல் பெயின்ட் போனால் போனதுதான்.

தினமும் ஓட்டத்தான் வாங்குகிறீர்களா? வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பில்லையும் காட்டுகிறவரிடம் புதுப்பித்ததையே வாங்கலாம். காட்டாதவரிடம் வேண்டாம்.