சும்மா கிடைக்கிற வைஃபையா, வீட்டுக்குள்ள வர்ற லைனா: அரசாங்கக் காசு எங்க போனா நல்லது?

போன மாசம் சிங்கப்பூர்ல எங்க வட்டாரச் சமூக மன்றத்துல, அதாவது சிசில, ஒரு அக்கா கேட்டாங்க, "தம்பி, எங்க போனாலும் அரசாங்கமே சும்மா வைஃபை குடுக்குது, அப்புறம் எதுக்கு வீட்டு இன்டர்நெட் மானியத்துக்குன்னு தனியா இவ்ளோ பேப்பர் கேக்குறீங்க?" வாடகை வீட்டுல இருக்காங்க, மூணு புள்ளைங்க, வீட்டுக்காரர் போன்ல இருக்குற டேட்டாவ ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் எல்லாரும் ஓட்டுறாங்க, 20 தேதி ஆனா அதுவும் தீந்துடும். சனிக்கிழமைல இந்த மாதிரி உதவி ஃபார்ம் நிரப்பிக் குடுக்குற வேலைக்கு நான் உக்கார ஆரம்பிச்சு அஞ்சு வருஷம் ஆச்சு, இதே கேள்வி அடிக்கடி வருது, அதான் ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பாத்துடலாம்னு எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இங்க கேபிள் பிரச்சினையே இல்ல. தேசிய ஃபைபர் கட்டமைப்புக்கு அரசாங்கம் 100 கோடி வெள்ளி வரைக்கும் ஒதுக்குச்சு, 2012லயே ஊர்ல பெரும்பாலான கட்டடத்துக்கு அது போய் சேந்துடுச்சு, 2024ல வேகத்த 10 ஜிபிபிஎஸ் அளவுக்கு ஏத்தறதுக்குன்னு இன்னொரு 10 கோடி வெள்ளி வரைக்கும் போடுறதா சொன்னாங்க. கம்பி வாசல் வரைக்கும் வந்து நிக்குது. அந்த அக்காவுக்கு இடிக்கிறது மாசா மாசம் வர்ற பில்லு, அப்புறம் ஒரு லேப்டாப், அப்புறம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க ஒரு ஆளு. ஃப்ரீ வைஃபை, வீட்டு லைன் மானியம், சமூக நிதி, இதுல எது இந்த மூணு குறையில எதைத் தீக்குதுன்னு வச்சுத்தான் நான் எடை போடுவேன்.

வயர்லெஸ்@எஸ்ஜிங்குற அந்த ஃப்ரீ வைஃபை 2006 டிசம்பர்ல வந்தது, அப்ப வேகம் 512 கேபிபிஎஸ், இப்ப 5 எம்பிபிஎஸ்ஸாவது கிடைக்கும். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன், லைப்ரரி, மால், சிசின்னு நிறைய எடத்துல இருக்கு, வருமானம் எவ்வளவுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, கையில உள்ளூர் நம்பர் ஒண்ணு இருந்தா போதும். இதோட அருமை தெரியணும்னா ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் போய்ப் பாருங்க, ஊர்ல இருந்து வேலைக்கு வந்த தம்பிங்க கைக்குழந்தை முகத்த போன்ல பாத்து பேசிட்டு நிப்பாங்க. வீட்டு மானியத்துல அவங்களுக்கு எடமே கிடையாது, ஏன்னா குடும்பத்துல ஒருத்தராவது சிங்கப்பூர் குடிமக்களா இருக்கணும். அதனால ஃப்ரீ வைஃபைய கொறைக்கணும்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன்.

ஆனா படிக்கிற புள்ளைக்கு இது பத்தாது. ராத்திரி 10 மணிக்கு அசைன்மென்ட் முடிக்கணும்னா லைப்ரரி மூடியிருக்கும், வயசுக்கு வந்த பொண்ண மால்ல போய் உக்காந்து எழுதுன்னு எந்த அம்மா அனுப்புவாங்க? 2020 ஏப்ரல்ல கோவிட்டுக்காக சர்க்யூட் பிரேக்கர்ங்குற ஊரடங்கு வந்தப்ப லைப்ரரியும் சாத்திட்டாங்க, சிசியும் சாத்திட்டாங்க, பாடம் மட்டும் வீட்டுல இருந்து நடந்துச்சு. எங்க புளோக்ல ஒரு பையன் பக்கத்து வீட்டு பாஸ்வேர்ட் வாங்கி காரிடார்ல சுவரோரமா குந்திக்கிட்டு கிளாஸ் கேட்டான், சிக்னல் அங்கதான் வந்துச்சு. அத நான் இன்னும் மறக்கல.

அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது இப்ப இருக்குற டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் மாதிரி ஒண்ணு. தகவல் தொடர்பு, ஊடகத் துறைய பாத்துக்குற அரசாங்க அமைப்பான ஐஎம்டிஏ 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி நியூ பிசி பிளஸ், ஹோம் ஆக்சஸ்னு தனித்தனியா இருந்தத ஒரே திட்டமா ஆக்குனாங்க, 4 வருஷத்துல 60,000 குடும்பத்துக்குப் போகணும்னு இலக்கு. வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டுல இருக்குற வருமானம் கொறஞ்ச குடும்பத்துக்கு சலுகை விலையில பிராட்பேண்டும் லேப்டாப் இல்ல டேப்லெட்டும் கிடைக்குது, ஆக மூணு குறையில ரெண்டு தீந்துடுது. பள்ளிக்கூடத்துலதான் எல்லா உயர்நிலை மாணவருக்கும் சொந்த டிவைஸ் வந்துடுச்சே, 2028க்குன்னு வச்சத 2021க்கே கொண்டுவந்துட்டாங்களேன்னு சிலர் கேப்பாங்க. உண்மைதான், ஆனா லைன் இல்லாத வீட்டுல அந்த டிவைஸ் பள்ளிக்கூடம் விட்டதும் அரைவாசி செத்துப்போயிடுது, அதோட ப்ரைமரி படிக்கிற தங்கச்சிக்கு அது கிடையாது.

இதுல தடை எங்கன்னா பேப்பர்லதான். மணிக்கணக்கு வேலை, இந்த மாசம் ஒரு சம்பளம் அடுத்த மாசம் ஒரு சம்பளம், கையில காசா வாங்குறவங்களுக்கு வருமானத்தக் காட்ட சம்பள ஸ்லிப்பே இருக்காது. அந்த அக்கா தன் வீட்டு மொத்த சம்பளத்தப் பாத்துட்டு நமக்குக் கிடைக்காதுன்னு தானே முடிவு பண்ணிட்டாங்க, தலைக்கு எவ்வளவுன்னு பிரிச்சும் பாப்பாங்கன்னு அவங்களுக்கு யாரும் தமிழ்ல சொல்லல. அஞ்சு பேர் இருக்குற வீட்டுக்கு அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

மூணாவது குறைக்கு, அதாவது சொல்லிக் குடுக்குற ஆளுக்கு, டிஜிட்டல் ஃபார் லைஃப் நிதி இருக்கு. 2021 பிப்ரவரில அப்போதைய அதிபர் ஹலிமா யாக்கோப் தொடங்கி வச்சாங்க, மக்கள் ஒரு வெள்ளி குடுத்தா அரசாங்கம் ஒரு வெள்ளி சேத்துப் போடும்னு அப்ப ஏற்பாடு. நன்கொடைன்னு வந்தா பெரும்பாலும் நம்ம ஆளுங்க டேப்லெட் வாங்கிக் குடுத்து போட்டோ எடுக்கத்தான் ஆசைப்படுறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. பொருள் தர ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்குறப்ப, இந்தக் காச, அரசாங்க சேவைக்கு உள்ள நுழையுற சிங்பாஸ் ஆப்ப திறக்கத் தெரியாத பாட்டி பக்கத்துல ஒரு மணி நேரம் பொறுமையா உக்கார்ற ஆளுக்கு செலவு பண்ணணும். 2020ல இருந்து எஸ்ஜி டிஜிட்டல் ஆஃபீஸ்ங்குற அரசாங்க அலுவலக ஆளுங்க சிசி, லைப்ரரில அதத்தான் பண்றாங்க, ஆனா தமிழ்ல பேசுற ஆளு எல்லா எடத்துலயும் எல்லா நேரமும் கிடைக்க மாட்டாங்க, அந்த ஓட்டையத்தான் நம்ம சமூகம் அடைக்கணும்.

என்கிட்ட கேட்டா மொத இடம் வீட்டு லைனுக்கு, அதோட சேத்து அந்த ஆளுக்கு. அந்த அக்கா போன சனிக்கிழமை வந்தாங்க, ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் பாத்து ஃபார்ம் அனுப்பியாச்சு, பெரிய பொண்ணு கூடவே வந்து ஒவ்வொரு பக்கத்தையும் அம்மாவுக்குப் படிச்சு சொல்லிச்சு.