அம்மாவின் வீல்சேர்: ஐந்து வருட ஊர்சுற்றல்

பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலது கை, கால் விழுந்த பிறகு வாங்கியது. மடக்கு மாடல், இரும்பு, 17 கிலோ. வீட்டுக்குள் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியூர் கிளம்பினால்தான் இதன் குணம் தெரியும்.

கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ். போனில் கேட்டதற்கு "வீல்சேர் தாராளமா போகும் சார்" என்றார்கள். ரூமுக்குள் போனது, பாத்ரூம் வாசலில் நின்றுவிட்டது. நாற்காலி 25 அங்குலம், கதவு 24. இரண்டு நாளும் அம்மாவை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நானும் மனைவியும் தூக்கினோம். அதிலிருந்து "போகுமா?" என்று கேட்பதே இல்லை. பாத்ரூம் கதவில் இஞ்ச் டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறேன். அனுப்புகிறவரிடம்தான் ரூம்.

டாக்சி என்றால் முதல் கேள்வி, "சிஎன்ஜி வண்டியா?" டிக்கியில் சிலிண்டர் இருந்தால் நாற்காலிக்கு இடமிருக்காது.

ரயில்தான் எங்களுக்குச் சரி. துணையில்லாமல் பயணிக்க முடியாது என்ற மருத்துவச் சான்று இருப்பதால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அம்மாவுக்கும் எனக்கும் 75 சதவீதம் சலுகை. வீடு தாம்பரம் பக்கம். ஆனாலும் எழும்பூர் போய்த்தான் ஏறுகிறோம். வண்டி புறப்படும் இடத்தில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மடக்கினாலும் நாற்காலி பெர்த்துக்கு அடியில் நுழையாது. கதவோரம் வாஷ்பேசின் பக்கம் சாய்த்து, சைக்கிள் செயின் போட்டுப் பூட்டுவேன்.

பெரிய சக்கரங்கள் இன்றுவரை தொல்லை தரவில்லை. முன்னாலிருக்கும் குட்டிச் சக்கரங்கள்தான் வில்லன். கோயில் வாசலில் அரை அங்குலக் கல் தடுக்கி அம்மா முன்னால் சரிந்தார். நல்லவேளை, பெல்ட் போட்டிருந்தோம். இப்போது மேடு எது வந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுக்கிறேன். பேரிங் இரண்டு முறை மாற்றியாயிற்று. இரண்டாவது முறைக்குக் காரணம் மெரினா.

அங்கே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்துப் போட்டது. சரிசெய்த பிறகு போனோம். பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினேன்.

"டேய், அலை இன்னும் அங்கதான இருக்கு?"

"மணல்ல சக்கரம் போகாதும்மா."

"இழுத்துப் பாரேன்."

பின்பக்கமாக இழுத்தேன். பேரிங் கடைக்காரர் கொட்டிக் காட்டிய மணல் அதுதான்.